அக்காவின் வயிற்றிலிருந்து வந்த முடி

வயிற்றுக்குள் முடி முளைக்கும் என்று யாராவது சொன்னால் அந்தக் காலத்தில் நான் சிரித்துவிடுவேன். சிரிப்போடு நிறுத்தியிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கு ஒரு முழம். தவளை தன் வாயால் கெடும் என்பதை என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்கு அடுத்த தெருவில் பிறந்தவள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என்னை எட்டாவது வரை படிக்க வைத்து, ராஜபாளையத்தில் பருத்தி அரைக்கும் ஜின்னிங் பாக்டரி ஒன்றில் பிட்டராக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார். அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவி எனக்கு ஓரகத்தி. ஆனால் அக்கா என்று சொல்லித்தான் பழக்கம். மாமியாரும் எங்களோடுதான். எல்லோருக்கும் ஒரே அடுப்பு.

அந்த அடுப்பு என் கையில் இருந்தது. அக்கா கடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்வாள். மிளகாய் காயப்போடுவது, உளுந்து புடைப்பது, புளியில் கொட்டை எடுப்பது எல்லாம் அவள் வேலை. அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரு மகள். பெற்றது நான் என்றாலும் பிள்ளை ஒட்டிக்கொண்டு கிடந்தது அவளோடுதான். அதில் எனக்குப் பொறாமை வந்ததில்லை. கையொழிந்தது என்று சந்தோஷமாக வேலையைப் பார்ப்பேன். அவள் சாது, நான் சண்டைக்காரி. "மூத்தவ பசு, எளையவ மொளகா" என்று தெருவில் சொல்வார்கள். மிளகாய் இல்லாமல் குழம்பு வைத்துப் பாருங்கள் என்று நானும் பதில் சொல்வேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு அக்காவுக்கு வயிறு பெருத்தது. வீடே பூரித்துப் போயிற்று. மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்து, பிள்ளைதான் என்றாள். மாதவிலக்கு நிற்கவில்லையே என்று நான் கேட்டேன். சில பேருக்கு அப்படித்தான் என்று சொல்லி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனாள். பிறக்க வேண்டிய காலம் வந்தது, போனது. பிள்ளை பிறக்கவில்லை. அடுத்து வந்த வைத்தியர் மகோதரம் என்றார். வயிற்றில் நீர் கோத்திருக்கிறதாம். உப்பை நிறுத்திவிட்டு, கஷாயம் கொடுத்தார். அக்காவின் கையும் காலும் குச்சியாகின. வயிறு மட்டும் வளர்ந்தது.

கடைசியில் மாமியார் தன் தீர்ப்பைச் சொன்னார். "யாரோ மருந்து வச்சுட்டாக."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இடுமருந்து என்று ஒன்று உண்டு. ஆகாதவர்களுக்குச் சோற்றில் முடி, நகம், இன்னும் சொல்லக் கூசுகிற எதையெல்லாமோ கருக்கிக் கலந்து கொடுத்துவிடுவார்களாம். அது உள்ளே ஒட்டிக்கொண்டு வளருமாம். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். தொப்புளில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, ஒரு முடிச்சுருளைத் துப்பிக் காட்டுவார்கள். எங்களுடையது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனால் ஞாயிறு ஒரு நாள்தானே. வாரத்தில் மற்ற ஆறு நாளும் இருக்கிறதே.

பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் அப்படி மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் அக்காவைக் கூட்டிப்போக வண்டி சொல்லியாகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, அந்த ஆளு வாய்க்குள்ள அடக்கி வச்சிருந்து துப்புதான். வயித்துக்குள்ள என்ன வயலா இருக்கு, மயிரு மொளைக்க? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். அக்கா வயித்துலேருந்து ஒத்த முடி வந்தாலும் நான்தான் வச்சேன்னு வச்சுக்கிடுங்க."

"வாயைக் கழுவுட்டி" என்றார் மாமியார். பெரியத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பிளவக்கல் வண்டி கிளம்பவில்லை. அதற்குள் அக்காவுக்கு வயிற்றில் ஒரு வலி வந்தது. பிரசவ வலியெல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது. வாந்தி எடுத்தாள், வியர்த்துக் கொட்டினாள், முழங்காலை மடக்கிக்கொண்டு நீட்டவே மாட்டேன் என்றாள். நான் கத்திய கத்தலில் பெரியத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகலாம் என்று ஒத்துக்கொண்டார். அதே வண்டியில் வைக்கோல் பரப்பி, அவளைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் ஏந்திக்கொண்டு போனேன். வழி நெடுக, "நீ போயிராதட்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது பெண்களுக்கென்று சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா மெட்ராசில் படித்தவர். கல்யாணம் ஆகாதவர். சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அக்காவை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கை விரலை வயிற்றில் பதித்து, அதன் மேல் மறு கை விரலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தார். பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடியும் தட்டினார். தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதைப்போல இருந்தது.

"தண்ணி கோத்திருந்தா, பெரண்டு படுத்ததும் தண்ணியும் பெரளும், சத்தம் எடம் மாறும். இது மாறல. பிள்ளையும் இல்ல. இது கட்டி" என்றார். பெண்ணுக்குக் கருப்பையின் இரண்டு பக்கத்திலும் ஓவரி என்று வாதாங்கொட்டை அளவில் ஒவ்வொன்று இருக்கும், அதில் ஒன்றுதான் இப்படி வளர்ந்திருக்கிறது, காம்பு முறுக்கிக்கொண்டதால்தான் இந்த வலி என்று விளக்கினார். அமுக்கிப் பார்த்து, "பெசைஞ்ச மாவு மாதிரி இருக்கு. கெட்ட கட்டியாத் தெரியல. எடுத்துட்டா பொழைச்சுக்கிடுவா. எடுக்காட்டா நாளைக்கு இருக்க மாட்டா" என்றார்.

வயிற்றைக் கிழிப்பதா என்று மாமியார் அழுதார். பெரியத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுங்கள் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைத்தவள் நான்தான். காலில் விழுந்து, சண்டை போட்டு, இவள் செத்தால் உங்களைச் சும்மா விடமாட்டேன் என்று மிரட்டி வரவழைத்தேன். குளோரபாரம் கொடுக்கும்வரை அக்கா என் கையை விடவில்லை. பிடி தளர்ந்த பிறகு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு நான் ஜெபம் பண்ணினதுபோல அதற்கு முன்பும் பண்ணினதில்லை, பின்பும் பண்ணினதில்லை.

ஜெபம் கேட்கப்பட்டது. அக்கா பிழைத்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷன் செய்து எதை எடுத்தாலும் அதை வீட்டு ஆட்களிடம் காட்டிவிடுவார்கள். ஈரலை எடுத்துக்கொண்டார்கள், கருப்பையை அறுத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு வரக்கூடாது என்பதற்காக அப்படி. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான். நர்சு ஒரு எனாமல் பேசினைக் கொண்டுவந்து தாழ்வாரத்துப் பெஞ்சியில் வைத்தாள். பரங்கிக்காய் அளவில் வழுவழுவென்று ஒன்று அதில் கிடந்தது. பின்னாலேயே டாக்டரம்மா வந்தார். சிரித்த முகமாக வந்தார்.

"வாங்க, எல்லாரும் வந்து பாருங்க. நான் படிக்கும்போது ஜாடியில பாத்தது. என் கையில வந்தது இதான் மொதத் தடவை" என்று சொல்லி, கத்தியால் அதைக் குறுக்கே கீறினார்.

உள்ளே உறைந்த நெய் மாதிரி கொழுப்பு. கொழுப்புக்குள் முடி. ஒரு முடி, இரண்டு முடி இல்லை. சீப்பில் சிக்கினதை மாதக்கணக்கில் சேர்த்து உருட்டினதுபோல ஒரு பந்து. டாக்டரம்மா இடுக்கியால் பிடித்து இழுக்க, அது நீளமாக வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் வெள்ளையாக இரண்டு பல். ஒன்று நல்ல கடைவாய்ப் பல்.

நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் பேசினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் வீட்டுப் பேச்சு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்கு ஆசையாக விளக்கினார். சில பேருக்குப் பிறவியிலேயே ஓவரிக்குள் ஒரு துளி அப்படி அமைந்துவிடுமாம். வயதாக ஆக அதுவே வளருமாம். அதில் தோல் உண்டாகும், முடி முளைக்கும், பல் வரும், எலும்புகூட வரும். குழந்தை இல்லை, பேய் பிசாசும் இல்லை, வெறும் கட்டி. எடுத்தால் தீர்ந்தது.

இன்றைக்கு யோசித்தால் அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு முழு மனது வரவில்லை. யாரோ ஒருத்தி சோற்றில் முடியை வைத்தாள் என்பதை நம்புவது சுலபமா, ஒரு பெண்ணின் அடிவயிற்றில் கடைவாய்ப் பல் தானாக முளைத்தது என்பதை நம்புவது சுலபமா? நிஜம் பொய்யைவிடப் பெரிய பொய்யாக இருந்தது.

"பல்லு யாரு பல்லு?" என்று மாமியார் மெதுவாகக் கேட்டார்.

அதற்கு முந்தின வருஷம்தான் எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள்.

"அத்தை, அந்த முடி செம்பட்டை. என் முடியைப் பாருங்க, கறுப்பு" என்றேன். கொண்டையை அவிழ்த்தே காட்டினேன்.

"அம்புட்டு நாளு வயித்துல கெடந்தா வெளுக்காதா?" என்றார்.

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். பாக்டரியில் எந்த மிஷின் எங்கே மக்கர் செய்தாலும் காரணம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார் அவர். எதற்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும் அவருக்கு. அன்றைக்கும் காரணத்தைத்தான் தேடினார். தரையைப் பார்த்துக்கொண்டே, "நீ ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்ன? உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெரியத்தான் மட்டும்தான் கோபப்படவில்லை. "அவ சொல்லித்தான் இங்க வந்தோம். வச்ச குத்தம் மனசுல உறுத்தித்தான் காலைப் பிடிச்சிருக்கா. உசிரைக் காப்பாத்திட்டா, விடுங்க" என்றார். அவர் எனக்குப் பரிந்து பேசியதாகவே நினைத்திருந்தார். பாருங்கள், நான் அழுதது, மிரட்டினது, காலில் விழுந்தது எல்லாம் சேர்ந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லின.

அக்காவைத் தையல் பிரித்து ஊருக்கு அழைத்துப் போனபோது என்னை அழைத்துப் போகவில்லை. கொஞ்ச நாள் அப்பன் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். மகள் ராஜபாளையத்திலேயே இருந்தாள். அவளை அனுப்புங்கள் என்று அப்பாவைத் தூது அனுப்பினேன். பெரியம்மா மடியை விட்டு வரமாட்டேன் என்கிறாள் என்று பதில் வந்தது. அது உண்மையாகவும் இருக்கும். என் மகள் அப்போது பால்பல் விழுகிற வயதில் இருந்தாள். விழுந்த பல்லை யாரிடம் காட்டியிருப்பாள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். அவர் முதலில் நம்பவே இல்லை. பிறகு முகம் கறுத்துப் போயிற்று. "வாயில போடுறது கொடலுக்குத்தான் போகும். அங்கேருந்து ஓவரிக்கு வழியே கெடையாது. நானே வந்து சொல்றேன்" என்றார். சொன்னதுபோலவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராஜபாளையம் வந்தார். நானும் கூடவே போய் வாசலில் நின்றேன்.

அப்படி ஒரு மரியாதையை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பெரியத்தான் கடையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். மாமியார் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காப்பி வந்தது, பழம் வந்தது. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டு, இது குடல், இது கருப்பை, இதுதான் ஓவரி என்று பொறுமையாகக் காட்டினார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது. அவரை பஸ் ஏற்றிவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்தேன்.

"எம்புட்டு நல்ல அம்மா" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். "இவளைக் காட்டிக் குடுக்கப்பிடாதுன்னு எம்புட்டு தூரம் வந்து பேசுதாவ பாரு. அவிய மனசு யாருக்கு வரும்?"

அன்று சாயங்காலமே நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினேன். கிளம்பும் முன்பு மகளை வாசலுக்குக் கூப்பிட்டேன். வந்தாள். முன்பல் இரண்டு இல்லை. சிரித்தாள். கட்டிப்பிடித்தபோது மட்டும் கொஞ்சம் விறைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் இதைத் தீர்த்து வைத்தவர் சபையின் உபதேசியார். எங்கள் சபையில், அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து எடுப்பதற்கு முன்னால், மனத்தாங்கல் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டு ஒப்புரவாக வேண்டும். இல்லாவிட்டால் பீடத்துக்குப் போகக்கூடாது. எங்கள் வீட்டிலோ இந்த விவகாரத்துக்குப் பிறகு ஒருவருமே திருவிருந்து எடுக்கவில்லை. சபைக்கு அது அவமானமாகிவிட்டது. உபதேசியார் என்னைத் தேடி அப்பா வீட்டுக்கு வந்தார்.

"மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "ஆனா பகை இருக்குல்லா? அதை முடிக்கணும்லா? தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்சது, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை. அன்னிக்கே பிள்ளையோட இருந்துக்கிடலாம்."

"செய்யாததைச் செஞ்சேன்னு எப்படிய்யா சொல்ல?"

"நீ கர்த்தர்ட்ட சொல்லல. மாமியாட்டதான் சொல்லுத."

நான் அவரைத் திட்டி அனுப்பினேன். அப்பா திட்டவில்லை. "பொட்டப்பிள்ளை வளந்துட்டா பொறவு ஒன்னைத் தேடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். ஊரில் என்னோடு வாயாடி ஜெயித்தவர்கள் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் அப்பா ஜெயித்துவிட்டார். வருகிறேன் என்று உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

திருவிருந்து ஞாயிறு அன்று, ஆராதனை தொடங்குவதற்கு முன்பு, சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அறையில் எல்லோரும் கூடினோம். என் மகள் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை வெளியே அனுப்புங்கள் என்று கேட்கத் தோன்றியது, நாக்கு எழவில்லை. மண்டியிட்டு, தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்சதை மன்னிச்சிருங்க என்றேன். "தெரியாம என்னத்த?" என்று மாமியார் இழுத்தார். உபதேசியார் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சு செஞ்சதை" என்றேன்.

அக்கா ஓடிவந்து என்னைத் தூக்கினாள். வயிறு தட்டையாகி, கன்னத்தில் சதை போட்டு, பழைய அழகு வந்திருந்தது அவளுக்கு. "நான் என்னைக்கோ மன்னிச்சுட்டேன்ட்டி. நீ இல்லாட்டா எனக்கு ஏது உசிரு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் மருந்து வைத்தேன் என்பதை அவளாவது நம்பமாட்டாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். வண்டியில் என் மடியில் தலை வைத்து வந்தவள் அல்லவா. வெளியே நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவளல்லவா கிறிஸ்தவள் என்றார்கள். அவள் நிஜமாகவே நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் நானும் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அந்த நல்ல மனசிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்தோம். அன்று சமைத்தது மாமியார். ஆனால் அக்கா பிடிவாதமாக, இன்றைக்கு இளையவள்தான் பரிமாற வேண்டும் என்றாள். தட்டை என் முன்னால் நீட்டி, நான் போட்ட சோற்றை எல்லோரும் பார்க்கப் பிசைந்து, முதல் ஆளாகச் சாப்பிட்டாள். பெரியத்தானுக்குப் போட்டேன். என் கணவருக்குப் போட்டேன். அவர் தலை குனிந்தபடி சாப்பிட ஆரம்பித்தார். பிறகு என் மகளுக்குப் போட்டுக் குழம்பு ஊற்றினேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தாள்.

"எனக்கும் வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டாள்.

ஒருவரும் அவளை அதட்டவில்லை. அக்கா அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தான் தின்று காட்டினாள். "ஒண்ணுமில்ல, தின்னு" என்றாள். அதற்குப் பிறகுதான் என் மகள் சாப்பிட்டாள்.